தொண்ணூற்றாறு ஷிப்ட்

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எதை வாங்கினாலும் "எத்தனை ஷிப்ட்?" என்று ஒரு கேள்வி வரும். ஃபிரிட்ஜ் வாங்கியபோது வந்தது, பேரனுக்குச் சைக்கிள் வாங்கியபோதும் வந்தது. நாங்கள் இருவரும் கம்பெனி வாசலை மிதித்தே பல வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் வாய் விடமாட்டேன் என்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த ஒரு சொல்லால் எங்கள் கல்யாணமே ஒரு ஆட்டம் ஆடி நின்றது அவர்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் கடைசி அது. திருப்பூரில் எங்களைப் போன்ற பனியன் கம்பெனி ஜனத்துக்கு மாதக் கணக்கெல்லாம் கிடையாது. காலை எட்டரைக்குப் போய்ச் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. சனிக்கிழமை கையில் வாங்குவது ரூபாய்தான், ஆனால் பேச்சில் ரூபாயே வராது. "இந்த வாரம் எத்தனைங்க?" என்றால் "ஏழரைங்க" என்பார்கள், அவ்வளவுதான். செருப்பு ஒரு ஷிப்ட். குடும்பத்தோடு சினிமா ஒரு ஷிப்ட். காய்ச்சல் வந்தால் டாக்டருக்கு ஒன்று, போகாத வேலைக்கு ஒன்று, ஆக இரண்டு. அதனால் எங்கள் தெருவில் பாதிப் பேர் காய்ச்சலோடுதான் வேலைக்குப் போனார்கள்.

நான் செக்கிங்கில் இருந்தேன். டியூப் லைட்டுக்குக் கீழே நீள மேசை, மேசை மேல் மலையாய்ப் பனியன். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எட்டாம் வகுப்புப் பாதியில் வந்தவள் நான். அக்கா கல்யாணத்துக்குப் பணம் பற்றவில்லை என்று அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். "மூணு மாசந்தான் கண்ணு, கல்யாணம் முடிஞ்சதும் மறுபடி போயிக்கலாம்" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார். அந்த மூன்று மாசம் எட்டு வருஷமாகி இன்னும் முடியாமல் இருந்தது. அம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் அந்தக் கோபம் எனக்குள் ஆறவே இல்லை, அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

எனக்கு ஒரே தங்கை. அந்த வருஷம் பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். கணக்கென்றால் அவளுக்கு உயிர். ரேஷன் கடைக்காரர் எடை போடுவதற்குள் இவள் மொத்தத்தைச் சொல்லிவிடுவாள், அவர் முறைப்பார். எனக்குக் கல்யாணம் பேசியபோது என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அக்கா கல்யாணம் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்தது. என் கல்யாணம் இவளை இழுக்கக் கூடாது.

மாப்பிள்ளை வேறு யாருமில்லை, என் அம்மாவுடைய அண்ணன் மகன், எனக்கு மச்சான் முறை. அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை மேசையில் அடுக்கு அடுக்காக விரித்து, ஒரு விரல் அகலம் கூட வீணாகாமல் கோடு போட்டு வெட்டுவார். பேச்சிலும் அதே கருமித்தனம். மாமி, அதாவது அவருடைய அம்மா, வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் அத்தா, அதாவது அப்பா, இறந்து அப்போது இரண்டு வருஷம். மாமியும் தன் கணவர் மாமுவை இழந்தவர்தான். இரண்டு வீட்டிலும் ஆம்பிளைத் துணை இல்லாததால் அன்றைக்குப் பேச்சு சுருக்கமாக முடிந்தது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் ஐந்நூற்று ஒன்று என்று முடிவாயிற்று. அந்தப் பணம் பெண்ணுக்கே சொந்தம், யாரும் கை வைக்க முடியாது. அடுத்தது, பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குத் தரும் கைக்கூலி. மார்க்கத்தில் இல்லாத வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வாங்குவார்கள். அம்மா தயங்கித் தயங்கி அதைத் தொடங்கியபோது மச்சான் குறுக்கே புகுந்தார்.

"அவளே கூலிக்குப் போறவ. அவகிட்டப் போயி நான் எதுக்குங்க கைக்கூலி வாங்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு சிரிக்காமல் இருந்தேன். ஆனால் அன்றைக்குத்தான் அவரை எனக்குப் பிடித்தது.

கல்யாணம் பொங்கல் லீவில் என்று வைத்தோம். நாலு நாள் கம்பெனி மூடியிருக்கும், யாருக்கும் ஷிப்ட் நட்டமாகாது. அதற்கு எட்டு மாசம் இருந்தது. செலவு முழுவதையும் நாங்கள் இருவருமே பார்த்துக்கொள்வது, வட்டிக்கு வாங்குவதில்லை, அம்மாவையும் மாமியையும் கேட்பதில்லை என்று ஒரு வீறாப்பு. மச்சான் சொன்னார்: ஆளுக்கு வாரம் மூன்று ஷிப்ட் சம்பளத்தை வீட்டுக்குக் கொடுப்பது, மூன்று ஷிப்ட் சம்பளத்தைக் கல்யாணத்துக்கு எடுத்து வைப்பது. வாரம் மூன்று, மாசம் பன்னிரண்டு, எட்டு மாசத்துக்குத் தொண்ணூற்றாறு. இருவருக்கும் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. பனியன்காரப் புத்தி, அதையும் உடனே டஜனாக்கிப் பார்த்தோம். பதினாறு டஜன். கேட்கவே நிறைவாக இருந்தது.

பட்டியலை நான்கு மணி டீ நேரத்தில் போட்டோம். கம்பெனிச் சுவரை ஒட்டி வேஸ்ட் துணி மூட்டைகள் கிடக்கும். ஒரு மூட்டையில் அவர், நாலு மூட்டை தள்ளி நான். நடுவில் ஊரே டீ குடித்துக்கொண்டிருக்கும். பேப்பருக்கு எங்கே போவது? பனியன் அட்டைப் பெட்டியின் மூடி ஒன்றை எடுத்துப் பின்பக்கம் எழுதினோம். முன்பக்கம் ஒரு பயில்வான் பனியன் போட்டுக்கொண்டு கையை முறுக்கிக் காட்டுவான். எங்கள் கல்யாணக் கணக்கை அவன்தான் முதுகில் சுமந்தான்.

விலையெல்லாம் மச்சானுக்குத் தெரியும். விசாரித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் மனசுக்குள் கணக்குப் போட்டு, ஷிப்ட் மட்டும் வெளியே சொல்வார், நான் எழுதுவேன்.

"சாப்பாடு எண்பது போடு."

"எத்தனை பேருக்குங்க?"

"நானூறு பேருக்கு. ரெண்டு டேக்சா பிரியாணி. பெருமாநல்லூர்ல ஒரு சமையக்காரரு இருக்காரு, அவருகிட்டப் பேசிட்டேன்."

"எண்பதுல நானூறு பேருக்கு முடியுங்களா?"

"முடிக்கோணும். இழுத்துப் புடிச்சாத்தான்."

என் மனசில் ஒரு கணக்கு ஓடியது. என் ஷிப்டுக்குக் கூலி இருபத்தொரு ரூபாய். எண்பது இருபத்தொன்று ஆயிரத்து அறுநூற்று எண்பது. அதில் நானூறு பேருக்குக் கறிச்சோறா? அடேயப்பா, கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன். நிக்காஹ் சீலைக்கு முப்பது. மற்றத் துணிமணிக்கு இருபத்திரண்டு. பாத்திரத்துக்கு இருபத்தாறு. பந்தலுக்குப் பதினாலு. பத்திரிகைக்கும் போட்டோவுக்கும் பத்து, சில்லறைச் செலவுக்குப் பத்து. கூட்டினால் சொல்லி வைத்தாற்போல் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கையிடம் காட்டினேன். அவள் ஒரு தடவை மேலிருந்து கீழே, ஒரு தடவை கீழிருந்து மேலே பார்த்துவிட்டு, "கூட்டல் சரியா இருக்குக்கா" என்று சர்டிபிகேட் கொடுத்தாள். கூட்டல் சரிதான். எதை எதோடு கூட்டினோம் என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

அந்த ஐந்து மாசம் எப்படிப் போனது என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் ஏக்கமும் ஒன்றாக வரும். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் மூன்று ஷிப்ட் பணத்தைத் தனியாக ஒரு பவுடர் டப்பாவில் போடுவேன். அவர் அவருடையதை ஒரு தகர டப்பாவில் போடுவார். திங்கட்கிழமை டீ நேரத்தில் அவர் மூன்று விரலைக் காட்டுவார், நானும் மூன்று விரலைக் காட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் காதல் பேச்சு. செக்கிங் மேசைப் பெண்கள் அதற்கு என்னென்னவோ அர்த்தம் சொல்லி என்னைக் கிண்டல் பண்ணுவார்கள். "மூணு புள்ளை பெக்கறதுக்கு இப்பவே ஒப்பந்தமாக்கும்" என்பாள் ஒருத்தி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, "ஏ புள்ள, அது மூணு இல்லட்டீ, 'பொறு பொறு'ன்னு சொல்லுதாரு" என்பாள். பஞ்சுத் தூசி பறக்கிற அந்த ஹாலில் நான் வெட்கப்பட்டுக்கொண்டு ஓட்டைப் பனியனையெல்லாம் நல்ல பனியன் என்று தள்ளி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தத் திட்டுகூட இப்போது இனிக்கிறது.

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை சீலை எடுக்கப் போனோம். கூட்டம் ஓய்ந்தால் விலை இறங்கும் என்று மச்சான் கணக்கு. அவர், நான், அம்மா மூன்று பேர். கடையில் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தோம்.

"என்ன விலையில பார்க்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஆயிரத்து எரநூறு வாக்குல காட்டுங்க" என்றார் மச்சான்.

எனக்குத் திக்கென்றது. அம்மா என்னைப் பார்த்தார், நான் மச்சானைப் பார்த்தேன்.

"ஏனுங்க மச்சான், சீலைக்கு முப்பதுதானுங்களே போட்டோம்?" என்றேன், சின்னக் குரலில்.

"ஆமா, முப்பதுதான். நாப்பது முப்பது ஆயிரத்து எரநூறு."

"எந்த நாப்பதுங்க?"

"கூலி நாப்பது."

"யாருக்குங்க நாப்பது? எனக்கு இருபத்தொண்ணுங்க."

கடைக்காரர் சீலையைப் பாதி விரித்த கையோடு நின்றார். மச்சான் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பொய் சொல்கிறேனா என்று பார்ப்பது போல இருந்தது, பிறகு மெல்ல மாறியது.

"எட்டு வருசமா செக்கிங்ல நிக்கறே. இருபத்தொண்ணா?"

"பொம்பளையாளுக்கு அதானுங்க."

பெண்களுக்குக் கூலி குறைவு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஊருக்கே தெரியும். ஏதோ ரெண்டு மூணு ரூபாய் குறையும் என்று நினைத்திருந்தார். நானாவது அவர் கூலி என்னவென்று கேட்டேனா? கேட்கவில்லை. ஆம்பிளையிடம் சம்பளம் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சம். ஐந்து மாசமாக ஒருவருக்கொருவர் மூன்று விரலைக் காட்டிக்கொண்டு இருந்தோம். இரண்டு கையிலும் விரல் மூன்றுதான், காசு மட்டும் வேறு. ஷிப்ட் என்கிற சொல் எங்கள் இருவரையும் நன்றாக ஏமாற்றிவிட்டது.

சீலை எடுக்காமலே எழுந்து வந்தோம். வரும் வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மச்சான் கணக்குப் போட்டார். எல்லா ஷிப்டுக்கும் நாற்பது வீதம் அவர் மனசில் இருந்தது ஏழாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய்க் கல்யாணம். எங்களிடம் பொங்கலுக்குள் சேரப்போவது ஐயாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தாறு. துண்டு விழுவது ஆயிரத்து எண்ணூற்று இருபத்து நாலு.

"எட்டு மணி நேரம் எனக்கும் எட்டுதான், அவளுக்கும் எட்டுதான்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். "அதை என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப் போவுது? கம்பெனியில போயிச் சொல்லுங்க" என்றேன். அம்மா என் கையைக் கிள்ளினார். மச்சான் டீயை முழுதாகக் குடிக்காமல் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கணக்கு தெரியாதவள், நாக்கு நீளமானவள் என்று என்னை நினைத்துக்கொண்டு போகிறார் என்று எனக்கு அழுகை முட்டியது.

மறுநாள் சாயங்காலம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். விஷயம் தெரிந்துதான் வந்திருந்தார். வெள்ளகோவிலில் அவருக்குப் பிறந்த வீட்டு ஜனம் ஏராளம். அத்தனை பேருக்கும் வாயால் சொல்லி முடித்துவிட்டார்.

"நானூறு பேருன்னு சொல்லிட்டு இப்பப் பாதிப் பேரை வர வேண்டாம்னு எந்த மூஞ்சியோட சொல்றது? ஒரே பையன் எனக்கு" என்றார்.

அம்மா அவருக்கு எதிரே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, நான் பயந்த வார்த்தையைச் சொன்னார்.

"வேணும்னா சின்னவ கைமடிக்கு வரட்டும் அண்ணி. மூணு மாசந்தானே."

கைமடி என்றால், டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி விளிம்பை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை. நானும் அங்கேதான் தொடங்கினேன். மூலையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கை தலையைத் தூக்கவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடினாள், அவ்வளவுதான். அழவில்லை, கேட்கவில்லை. மூடிய புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். எட்டு வருஷம் முன்பு நானும் அப்படித்தான் ஒன்றும் கேட்காமல் இருந்தேன்.

"அவ கம்பெனி வாசப்படி மிதிச்சா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்" என்றேன்.

"வாயைக் கழுவு" என்றார் அம்மா.

"கழுவ மாட்டேன். மூணு மாசம்னுதான் என்னையும் கூட்டிட்டுப் போனீங்க. எனக்கு இன்னும் அந்த மூணு மாசம் முடியல. நானூறு பேரு பிரியாணி தின்னுட்டு வெள்ளகோவில் போயிருவாங்க. இவ எங்கே போறது?"

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. போட்ட டீ அப்படியே இருந்தது, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன், ஸ்டிக்கர் ஒட்டினேன். தங்கை மட்டும் இரண்டு நாளும் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தெம்பாக இருந்தது.

புதன்கிழமை டீ நேரத்தில் மச்சான் வந்து அவர் மூட்டையில் உட்கார்ந்தார். கையில் புது அட்டை மூடி ஒன்று. இன்னொரு பயில்வான்.

"எழுதலாம்" என்றார்.

"எதை எழுதறதுங்க?"

"கணக்கை. ஷிப்ட் வேண்டாம். ரூவாயில எழுது."

எங்களுக்கு அது பழக்கமே இல்லை. ரூபாயில் எழுதியதும் ஒவ்வொரு எண்ணும் பூதம் மாதிரி பெரிதாக நின்றது. சாப்பாடு மூவாயிரத்து இருநூறு. மச்சான் துணி வெட்டுகிற கண்ணோடு அதைப் பார்த்தார். சாப்பாட்டில் ஆயிரத்து இருநூறை வெட்டினார். நானூறு பேர் இருநூற்று ஐம்பது ஆனார்கள்.

"மாமி ஒத்துக்குவாங்களா?"

"அம்மா நேத்தே வெள்ளகோவில் போயிட்டு வந்துட்டாங்க. நெருங்குன சொந்தத்துல நாப்பது பேரு போதும்னு அவங்களே சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உன்ற வாய்க்கு ஊரே பயப்படுது" என்றார்.

சிரிக்கிறாரா, திட்டுகிறாரா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. சீலைக்கு அறுநூற்று முப்பது என்று நானே சொன்னேன். நான் முதலில் நினைத்துக்கொண்டிருந்த விலை அதுதானே, எனக்கொன்றும் குறைந்துவிடவில்லை. அதில் ஐந்நூற்று எழுபது மிச்சம். இன்னும் ஐம்பத்து நாலு ரூபாய் இடித்தது. போட்டோவில் பாதியைக் குறைத்தோம். அதனால்தான் எங்கள் கல்யாண ஆல்பத்தில் பதினெட்டுப் படம்தான் இருக்கிறது, அதிலும் இரண்டில் நான் கண்ணை மூடியிருக்கிறேன். சமையல்காரர் இரண்டு டேக்சாவுக்கு முன்பணம் வாங்கிவிட்டதாக முரண்டு பிடித்தாராம். ஒன்றைப் பெரிதாகப் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தார் மச்சான்.

கணக்கு நேரானது. ஆனால் அன்றைக்குப் பிறகு மச்சான் டீ நேரத்துக்கு வரவே இல்லை. கட்டிங் மேசையை விட்டு நகரவில்லை என்றார்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லோரும் வெளியே வரும்போது அவர் வரமாட்டார். எட்டரை வரைக்கும் ஒன்றரை ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்றார்கள். திங்கட்கிழமைகளில் மூன்று விரல் காட்ட ஆளில்லை. நான் ஒருத்தி மட்டும் பவுடர் டப்பாவில் மூன்று ஷிப்ட் பணம் போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு என்ன தோன்றும்? பெரிய கல்யாணம் சின்னதாகிப் போன வருத்தம், என் வாயால் மாமிக்கு வந்த தலைகுனிவு, எல்லாம் சேர்ந்து கசந்துவிட்டது என்றுதான் தோன்றியது. ஒரு நாள் கட்டிங் பக்கம் போகிற சாக்கில் போய்க் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க, என்மேல கோவமுங்களா?"

"ஆர்டர் அவசரம்" என்றார். கத்தரியை நிறுத்தவே இல்லை.

சரிதான் போ என்று வந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மருதாணி வைக்கும்போதுகூட எனக்கு முகத்தில் சிரிப்பு வரவில்லை. பெண்ணுக்கு வெட்கம் என்றார்கள் எல்லோரும்.

பொங்கல் லீவு வந்தது. கம்பெனிகளெல்லாம் மூடி, ஊரில் இயந்திரச் சத்தமே இல்லை. அந்த அமைதியில் எங்கள் சந்தில் பந்தல் போட்டார்கள். பிரியாணி வாசனை காலையிலேயே கிளம்பிவிட்டது. அறுநூற்று முப்பது ரூபாய்ச் சீலை கட்டி, முக்காடு போட்டு, உள் அறையில் பாயில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் பெண்கள். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தங்கை. பரீட்சைக்கு இரண்டு மாசம்தான் இருந்தது, கல்யாண வீட்டிலும் கணக்குப் புத்தகத்தை எங்கேயோ ஒளித்து வைத்திருந்தாள்.

எங்களில் நிக்காஹுக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதம் கேட்க வீட்டுக்குள் ஆள் வருவார்கள். அத்தா இல்லாததால் அவருடைய அண்ணன், எங்கள் பெரியத்தா வந்தார். கூட இரண்டு சாட்சிகள், பள்ளிவாசலின் பெரிய கல்யாண நோட்டு. பெரியத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, என் பெயரையும் அத்தா பெயரையும் சொல்லி, மாப்பிள்ளை பெயரையும் சொன்னார்.

"ரொக்க மஹர் ரூவா ஆயிரத்து எண்ணூத்து இருபத்து நாலுக்கு இவருக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமாம்மா?"

அறையில் ஒரு சலசலப்பு. அம்மா முன்னால் வந்து, "ஐநூத்து ஒண்ணுதானுங்களே பேசுனோம்? அதென்னங்க கணக்கு?" என்றார்.

"எனக்கும் வெளங்கல" என்றார் பெரியத்தா. "மாப்பிள்ளை கவர்ல ரொக்கமாக் கொண்டாந்து குடுத்துட்டாரு. நிக்காஹ் ஓதி வைக்கற ஹஜ்ரத்தே கேட்டுட்டாரு, அதென்ன இருபத்து நாலு, ஒரு ரூவா சேர்த்து இருபத்தஞ்சாப் போட்டுக்கலாமேன்னு. வேண்டாங்க, ஒரு ரூவா கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம், அது அந்தப் புள்ளைக்குச் சேர வேண்டிய கூலிங்கன்னு சொல்லிட்டாரு."

ஒன்றரை ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை, நிற்காத கத்தரி, எல்லாம் ஒரே நேரத்தில் மண்டையில் வந்து விழுந்தது. அந்தப் பணத்தைப் பந்தலில் போட்டிருந்தால் நானூறு பேர் வந்திருப்பார்கள். மாமிக்குத் தலை நிமிர்ந்திருக்கும். இந்த மனுசன் அதைச் செய்யவில்லை. சம்மதம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. பெரியத்தாவும் சாட்சிகளும் காத்துக்கொண்டு நின்றார்கள். "பொண்ணு அழுவுது, பாவம், பொறந்த ஊட்டை விட்டுப் போவணுமில்ல" என்றாள் யாரோ ஒருத்தி.

தங்கை என் முக்காட்டுக்குள் தலையை நுழைத்தாள். ஒரு நிமிஷமாக அவள் உதடு அசைந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தப் பழைய அட்டை மூடி எங்கள் வீட்டு அலமாரியில்தான் கிடந்தது. அதில் அவர் பெயருக்கும் என் பெயருக்கும் நேராக நான் எழுதியிருந்த எண் அவளுக்கு மறந்தா போகும்?

"அக்கா, தொண்ணூத்தாறால வகுத்தா பத்தொம்போது வருதுக்கா" என்றாள் என் காதில். "மீதியே இல்ல."

நாற்பதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் இருந்தது அந்தப் பத்தொன்பதுதான்.

பெரியத்தா இரண்டாம் தடவையும் கேட்டார். எங்கள் ஜனத்தில் மணப்பெண் சம்மதத்தை வாய்க்குள்ளேயே சொல்ல வேண்டும், சாட்சிகள் குனிந்துதான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் பந்தலில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.